கரும்புலம்

வெல்லாவெளி கார்ப்பெட் றோட்டில்
விடிய ஐந்தரைக்கு
காகமும் நாயும் இழுத்துப் போக முதல்
நான் எண்ணுவது
நசுங்கிய சாரைகளை.
மோட்டார் சைக்கிளை நிறுத்தி, டோர்ச் அடித்து,
அளவுநாடா வைத்து,
தலை எந்தப் பக்கம் என்று குறித்து.
"பிள்ளைக்கு வேற வேல கிடைக்கல்லயாகா?"
பால் கேனோடு போனவர் கேட்டார்.
சம்பளம் உண்டு என்றேன். நம்பவில்லை.

ஐப்பசியில் மட்டும் முப்பத்தொன்று.
மழை விட்ட மறுநாள் கூட,
உழவு மெசின் இறங்கும் நாட்களில் அதைவிடக் கூட.
ஒன்றின் வாயில்
பாதி விழுங்கிய வயலெலி,
வால் மட்டும் தாருக்குமேல்.
இரண்டையும் ஒரே இலக்கத்தில் பதிந்தேன்.

அதே வட்டையில் புவிதா பொறி வைக்கிறாள்,
வரம்புக்கு வரம்பு,
கருவாட்டுத் துண்டும் தேங்காய்ச் சொட்டும்.
போன மாரிக்கு நூறு பொறியில் ஒன்பது.
இந்த மாரிக்கு இருபத்திரண்டு.
நஞ்சு வைத்தும் இருபத்திரண்டு.
நஞ்சு தின்ற எலியைத் தின்ற கூகை
பனையடியில் கிடந்தது.
சாக்குருவி செத்தால் நல்லதுதானே என்றார்கள்.
கூகைக்கு என் தாளில் கட்டம் இல்லை;
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

எலியின் சிறுநீரகம் ஓர் அவரை விதை.
கீறி, ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டு,
கரும்புல நுண்காட்டியில் கண் வைத்தால்
இருட்டுக்குள் வெள்ளி நூல்கள் நெளியும்.
நுனி வளைந்து
கேள்விக்குறி போலவே.
பெயரும் அதைப் பார்த்துத்தான் வைத்தார்களாம்.
ஒரு துளிக்குள் இத்தனை கேள்வி.
யாரிடம் என்றுதான் விளங்கவில்லை.

பி.எச்.ஐ. சியாத் புதன்தோறும் வருவார்.
கிழமைக்கு இரண்டு குளிசை,
சாப்பிட்ட பிறகு, சேற்றில் கால் வைக்க முதல்.
கொப்பியில் கையொப்பம்.
அரசரெத்தினமும் வைத்தவர்தான்.

ஒன்பதாம் வார்ட்.
கண் இரண்டும் செங்கல் கரைத்த தண்ணீர்.
கெண்டைக்காலைத் தொட்டால் கத்துகிறார்.
மூத்திரப் பை காலையிலிருந்து வெறுமை.
சேட்டுப் பையில்
சுண்ணாம்பு டப்பியோடு நான்கு குளிசை,
உறை பிரிக்காமல்.
"வயிறு எரியுது பிள்ள.
வெறும் வயித்தோடதானே இறங்கிற."

சம்மதப் படிவத்தை நீட்டினேன்.
ஏழாவது வரி: கேள்விகள் இருப்பின் கேட்கலாம்.
கேட்டார்.
"போன போகம் வாடிக்குள்ள ஒரு சாரை.
மண்வெட்டிப் பிடியால அடிச்சன்.
ஒள்ளுப்பம் அசைஞ்சது, மறுகாலும் அடிச்சன்.
அதாலயா இது?"

என்னிடம் இருப்பது இரண்டு போகத் தரவு.
ஒரு கோடு இறங்க ஒரு கோடு ஏறும் வரைபடம்.
பக்கத்தில் பேராசிரியரின் சிவப்பு மை:
சேர்ந்து நடப்பது வேறு, காரணம் வேறு.
மழையைக் கழித்தாயா?
கழிக்கவில்லை.
மழையைக் கழித்தால் படுவான்கரையில்
என்ன மிஞ்சும் என்று திருப்பிக் கேட்கவுமில்லை.

"ஒரு பாம்பால வராது" என்றேன்.
அது உண்மை.
எத்தனை பாம்பால் என்று அவர் கேட்கவில்லை.
பெருவிரல் நடுங்க, பெயரை முழுதாக எழுதினார்.

இரண்டு டயலிசிஸ்.
ஐந்தாம் நாள் நாற்பது மில்லிலீற்றர்;
தாதி சத்தமாக வாசித்தாள்,
பக்கத்துக் கட்டிலும் கேட்கட்டும் என்பதுபோல.

மறுநாள் காலை ஆறு மணி இருக்கும்.
பாலத்துக்கு இப்பால்,
ஏழடி நீளம், உயிரோடு,
அவசரமில்லாமல் றோட்டைக் கடக்கிறது.
மண்டூர்ப் பக்கமிருந்து வைக்கோல் ஏற்றிய உழவு மெசின்.
நான் நடுறோட்டில் நின்று
இரண்டு கையையும் விரித்தேன்.
றைவர் என் பரம்பரையையே ஏசினான்.
வால் புல்லுக்குள் போகும்வரை
அசையவில்லை.

இது தரவைக் கெடுக்கும் என்று தெரியும்.
அன்றைய பக்கத்தில் பூச்சியம் என்று எழுதி,
நெடுநேரம் பேனையை மூடாமல் இருந்தேன்.